ஹஜ் துல்பாவின் நெஞ்சில் நீலம்

ஹகீமா இன்ஸாஃபுக்கு மூக்கு கொஞ்சம் பெரிது. அதை அவள் முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சல் எகிப்தின் தந்தா நகரத்தில் இரண்டே பேருக்குத்தான் இருந்தது. ஒருவர் அவள் கணவர். இன்னொருவர் அவளேதான். "அக்கா தங்கச்சிக்கெல்லாம் ஆண்டவன் அழகைப் பிரிச்சுக் கொடுத்தான். கடைசியா நான் போய் நின்னேன். மிச்சம் இருந்தது மூக்கு மட்டும்தானாம், மொத்தமா எடுத்துக்கோன்னுட்டான்" என்று தானே சொல்லித் தானே சிரிப்பாள். கூடச் சேர்ந்து சிரித்தவர்களை ஒரு பார்வை பார்ப்பாள். சிரிப்பு அதோடு நின்றுவிடும்.

ஆனால் அந்த மூக்கைச் சும்மா சொல்லக்கூடாது. இருபத்தாறு வருஷ நர்ஸ் வேலையில், அந்த ஊர்ப் பேச்சில் ஹகீமா வேலையில், அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அதுதான். ஐ.சி.யூ.வில் மூச்சுக்குழாய் போட்டுக் கிடக்கும் நோயாளிக்குச் சாப்பாடு வேறொரு குழாய் வழியாக மூக்கிலிருந்து வயிற்றுக்குப் போகும். வயிற்றுக்குப் போனது வயிற்றிலேயே இருந்தால் நல்லது. சில நேரம் அது மேலே எதுக்களித்து வந்து, தொண்டையில் தேங்கி, மூச்சுக்குழாயின் ஓரமாகக் கசிந்து நெஞ்சுக்குள் இறங்கிவிடும். குழாயைச் சுற்றிக் காற்றடைத்த ஒரு சின்னப் பலூன் காவலுக்கு இருக்கிறதுதான். அந்தக் காவல்காரனும் அவ்வப்போது அசந்துவிடுவான். சத்தமில்லாமல் சொட்டுச் சொட்டாக இறங்கும். இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் வரும், பிறகு நிமோனியா, அதற்கப்புறம் எல்லாரும் தலையில் கைவைத்துக்கொண்டு நிற்பார்கள். இன்ஸாஃபோ நோயாளியின் நெஞ்சுச் சளியைக் குழாய்விட்டு உறிஞ்சி எடுத்ததும் பாட்டிலை மூக்கருகே கொண்டுபோவாள். "புளிச்ச பால். இவருக்கு வயித்துல இருந்து மேல வருது" என்பாள். பத்துக்கு எட்டுத்தடவை அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். மிச்ச இரண்டு தடவையும் தான் சொன்னதுதான் சரி என்று அவள் அடித்துப் பேசுவாள்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் குளிர்காலத்தில் அவளுடைய ஐ.சி.யூ. வார்டுக்கு ஹஜ் துல்பா வந்து சேர்ந்தார். ஹஜ் யாத்திரை போய்வந்ததால் பேருக்கு முன்னால் அந்தப் பட்டம். செய்யித் அல்-பதவி பள்ளிவாசலுக்குப் பின்னால் கொண்டைக்கடலை வறுத்து விற்பவர். கால் விரலில் தொடங்கிய மரமரப்பு நாலு நாளில் இடுப்புக்கும் கைக்கும் ஏறி, ஐந்தாம் நாள் மூச்சையே பிடித்துக்கொண்டது. இமைகூடத் தூக்க முடியவில்லை. "நரம்புக் கோளாறு. வந்த மாதிரியே ஒருநாள் போயிடும். அதுவரைக்கும் மெஷின் மூச்சு விடட்டும். உள்ள புத்தி தெளிவா இருக்கு, காதும் கேக்கும்" என்றார் டாக்டர் நாதிர். வயது முப்பத்திரண்டு, லண்டனில் இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்த புதுச் சுறுசுறுப்பு அவருக்கு. தன் காலர் கசங்குவது அவருக்குப் பிடிக்காது.

நரம்பு விடுமோ இல்லையோ, நெஞ்சு அவரை விடுவதாக இல்லை. பதினாறு நாளில் மூன்று முறை காய்ச்சல். ஒவ்வொரு முறையும் மருந்தை மாற்றி, எக்ஸ்ரே எடுத்து, கொஞ்சம் தேறியதும் மறுபடி ஏறியது. இன்னொரு நிமோனியாவை அந்த உடம்பு தாங்காது என்பது டாக்டருக்கும் தெரிந்திருந்தது, இன்ஸாஃபுக்கும் தெரிந்திருந்தது.

"மேல வருது டாக்டர். நான் மோந்து பார்த்துட்டேன்" என்றாள் இன்ஸாஃப்.

"ஹகீமா, உங்க மூக்கு மேல எனக்கு ரொம்ப மரியாதை. ஆனா அதை நான் ஃபைல்ல எழுத முடியாதே?"

"ஏன் முடியாது? எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்."

"தலைப்பக்கம் உயர்த்தித்தானே வெச்சிருக்கோம்? பலூன்ல காத்து சரியாத்தானே இருக்கு? அப்புறம் எப்படி மேல வரும்?"

"எப்படி வருதுன்னு கண்டுபிடிக்க நீங்க லண்டன் போனீங்க. வருதுன்னு சொல்ல நான் இங்க இருக்கேன்."

டாக்டர் நாதிர் சிரித்துவிட்டார். பிறகு லண்டனில் தான் பார்த்ததைச் சொன்னார். குழாயில் ஊற்றும் சாப்பாட்டில் நீலச் சாயம் கலப்பார்களாம். மனிதன் உடம்பில் நீலமாக ஒன்றும் சுரப்பதில்லை. நெஞ்சிலிருந்து உறிஞ்சும்போது நீலம் வந்தால் அது வயிற்றிலிருந்து வந்தது என்று யாரும் மூக்கை நம்பாமலே சொல்லிவிடலாம். (அந்தச் சாயமே சிலருக்கு ஆகாது என்று பின்னால் தெரிந்து இப்போதெல்லாம் அதைக் கைவிட்டுவிட்டார்கள். அந்த வருஷம் அது யாருக்கும் தெரியாது.)

மருந்துக் கிடங்கில் கேட்டதற்கு, அப்படி ஒரு பொருள் இந்தக் கட்டடத்துக்குள் நுழைந்ததே இல்லை என்றார்கள். துணி வெளுக்கும் நீலம் வேண்டுமானால் சலவைக்கூடத்தில் மூட்டையாக இருக்கிறது என்றும் உதவிக்குச் சொன்னார்கள். இன்ஸாஃப் அவர்களுக்கு என்ன பதில் சொன்னாள் என்பதை இங்கே எழுத வேண்டாம். அவளுடைய தங்கை கணவன் ஃபிக்ரி மிட்டாய் செய்பவன். மௌலிது திருநாளுக்குச் சர்க்கரைப் பொம்மை, சர்க்கரைக் குதிரை எல்லாம் அவன் கைவேலை. நேரே அவனிடம் போனாள்.

"நீலமா? என்கிட்ட சிவப்பு இருக்கு, ரோஸ் இருக்கு, பச்சை வேணும்னா ஒரு டப்பா தர்றேன். நீல மிட்டாயை எவன் வாங்குவான் அக்கா?"

"சிவப்பு கலந்தா ரத்தம்னு நினைச்சு ஓடுவாங்க. பச்சை கலந்தா பித்தமா சீழான்னு குழம்புவாங்க. நீலம்தான் வேணும். தேடு."

ஃபிக்ரி அலமாரியின் பின்னால் கையைவிட்டு, எப்போதோ பொம்மைக்குக் கண் எழுத வாங்கிய ஒரு சின்னப் புட்டியை எடுத்துத் தந்தான். மூடியைத் திறந்து இன்ஸாஃப் தன் விரலில் தொட்டு நக்கிப் பார்த்துக்கொண்டாள். பிறகுதான் பைக்குள் போட்டாள்.

மறுநாள் காலை வார்டு அடுக்களையிலிருந்து வந்த பாலும் முட்டையும் வடிகட்டிய பருப்புச்சாறும் கலந்த கஞ்சியில் நாலு சொட்டு விட்டாள். கஞ்சி நைல் நதிக்கே இல்லாத நிறத்தில் ஜொலித்தது. இரண்டு மணிக்கு ஊற்றவேண்டியதைப் பெரிய ஊசியில் எடுத்துக் கட்டிலருகே மேசையில் வைத்தாள். நோயாளியின் மனைவி உம் பஸ்யூனி, அதாவது பஸ்யூனியின் அம்மா, மூன்று மணிக்கு வர வேண்டியவள் அன்றைக்கென்று ஒன்றரைக்கே வந்து நின்றாள்.

உம் பஸ்யூனி உயரத்தில் இன்ஸாஃபின் தோளுக்குக் கொஞ்சம் கீழே நிற்பாள். அந்தக் குறையைக் குரலில் ஈடுகட்டியிருந்தாள். கடைத்தெருவில் அவள் கூவினால் ரயில்வே நிலையத்தில் இறங்கியவன் கடலை வாங்க வழி கேட்காமலே வந்துவிடுவான். மேசையில் இருந்த ஊசியைப் பார்த்தாள். அருகில் போய்ப் பார்த்தாள். அப்புறம் கிளம்பியது ஒரு சத்தம்.

"நீலமா? ஐயோ, நீலமா? உயிரோட இருக்கிற என் புருஷன் வயித்துக்குள்ள இழவுச் சாயத்தை ஊத்துறீங்களா?"

அந்தப் பக்கத்தில் பிறந்த எவருக்கும் அவள் சொன்னது உடனே புரியும். கிராமத்தில் வீட்டில் இழவு விழுந்தால் பெண்கள் முகத்திலும் கையிலும் நீலத்தைப் பூசிக்கொண்டுதான் ஒப்பாரி வைப்பார்கள். தெருச்சண்டையில் ஒருத்தி இன்னொருத்தியைச் சபிப்பதென்றால் 'உனக்கு நீலம் வந்து சேர' என்பாள். மோசமாக விடிந்த நாளை நீல நாள் என்பார்கள். இன்ஸாஃபும் அதே மண்ணில் பிறந்தவள்தான். தன் மாமனார் இறந்தபோது அவளுக்கும் முகத்தில் பூசிவிட்டார்கள். ஆனாலும் வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டதும் அது அவள் நினைவிலேயே இல்லை. இந்தத் தப்பை லண்டன்காரன் செய்திருந்தால் மன்னிக்கலாம், நான் செய்தேனே என்று பின்னால் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இது இழவுச் சாயம் இல்ல, உம் பஸ்யூனி. மிட்டாய்ச் சாயம். என் தங்கச்சி புருஷன் கடையில வாங்கினது."

"மிட்டாய்ல நீலம் எங்க இருக்கு? நாப்பது வருஷமா மிட்டாய்க் கடைக்கு எதிர்லதான் கடலை வறுக்கிறேன். எனக்கே கதை சொல்றியா?"

"அவர் நெஞ்சுக்குள்ள சாப்பாடு போகுதான்னு பார்க்கணும். போனா இந்த நீலம் காட்டிக்கொடுக்கும்."

"காட்டிக்கொடுக்க வேற நிறமே கிடைக்கலையா? பச்சையைப் போடு. பள்ளிவாசல் கொடியும் பச்சை, பரக்கத்தான நிறம்."

"சளியே சில நாள் பச்சையா வரும்மா. எது எதுன்னு எப்படித் தெரியும்?"

"அப்ப நீ குடி. நீ குடிச்சிட்டு நல்லா இருந்தா என் புருஷனுக்கு ஊத்து."

இன்ஸாஃப் ஒரு டம்ளர் எடுத்தாள். கஞ்சியை ஊற்றினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தாள். உப்பில்லாத பருப்பும் பச்சை முட்டையும் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. நாக்கை நீட்டிக் காட்டினாள். நாக்கு, உதடு, முன்பல் எல்லாம் நீலம். இதற்குள் கதவருகே ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. சலவைக்கூடத்து ஆட்கள்கூட வந்திருந்தார்கள்.

உம் பஸ்யூனி திருப்தியாகத் தலையாட்டினாள். பிறகு டாக்டர் நாதிர் பக்கம் திரும்பினாள். "இப்ப நீங்க, தம்பி."

"நானா? நான் எதுக்கு?"

"இவ நர்ஸு. நீங்க சொல்றதைச் செய்யறவ. சொன்னவர் குடிக்க வேணாமா?"

டாக்டர் நாதிர் உதவிக்கு இன்ஸாஃபைப் பார்த்தார். அவள் அடுத்த டம்ளரை நிரப்பிக்கொண்டிருந்தாள். அன்று மூன்று மணிக்கு மருத்துவமனை இயக்குநர் கூட்டிய கூட்டத்தில் அவர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததையும், கேள்வி கேட்டபோதெல்லாம் கையால் வாயைப் பொத்திக்கொண்டு பதில் சொன்னதையும், பல்வலியா என்று இயக்குநர் அன்போடு விசாரித்ததையும் அந்தக் கட்டடத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். காலர் ஓரத்தில் ஒரு நீலச் சொட்டும் விழுந்திருந்ததாம்.

இப்படித்தான் ஹஜ் துல்பாவின் வயிற்றுக்குள் நீலம் போனது. இனிமேல்தான் இன்ஸாஃபின் வேலை. இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை நெஞ்சுச் சளியை உறிஞ்சிப் பார்க்கச் சொல்லிக் கட்டில் தலைமாட்டில் ஒரு தாளை ஒட்டினாள். தன் முறை முடிந்து வீட்டுக்குப் போனாலும் போன் போட்டு, "என்ன நிறம்?" என்று கேட்பாள். அவள் கணவர் இதைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார். வீட்டில் எந்த ஆளுக்கும் இத்தனை விசாரிப்பு கிடைத்ததில்லை என்று அவருக்கு ஒரு வருத்தம்.

காலையில் வெள்ளை. மதியம் ஒரு மணிக்கு வெள்ளை. ஐந்து மணிக்கு நீலம்.

முதல் நாள் அந்த நீலத்தைப் பார்த்ததும் இன்ஸாஃப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு டாக்டர் அறைக்கே போய்விட்டாள். "இப்ப எழுதுங்க ஃபைல்ல" என்றாள். டாக்டர் நாதிர் எழுந்து நின்று, "உங்க மூக்குக்கு ஒரு சலாம், ஹகீமா" என்றார். ஆனால் இரண்டு பேர் முகத்திலும் சந்தோஷம் இல்லை. பாட்டிலில் இருந்தது ஹஜ் துல்பாவின் நெஞ்சுக்குள் இருந்து வந்தது. எங்கோ ஒரு வழி திறந்திருக்கிறது. அதை அடைக்காவிட்டால் ஆள் பிழைக்கமாட்டார்.

இரண்டு மணிச் சாப்பாட்டின் அளவைக் குறைத்தாள். ஐந்து மணிக்கு நீலம். பலூனில் காற்றைத் தானே அளந்து பார்த்தாள், சரியாக இருந்தது. ஐந்து மணிக்கு நீலம். கட்டிலின் தலைப்பக்கம் எத்தனை உயரம் என்று சுவரில் பென்சிலால் கோடு போட்டாள். மறுநாள் ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தால் கட்டில் கோட்டுக்கு நேராகத்தான் நின்றது, பாட்டிலில் மட்டும் நீலம். வயிற்றுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியுமா என்று டாக்டர் நாதிர் புலம்பினார்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு வெள்ளை.

இன்ஸாஃப் தாளை எடுத்துவந்து அடுக்களை மேசையில் வைத்து, தேநீரில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டே யோசித்தாள். அதே கஞ்சி, அதே அளவு, அதே கட்டில். வெள்ளிக்கிழமைக்கு என்ன விசேஷம்? ஜும்ஆத் தொழுகைக்கு வரும் கூட்டத்தால் கடலைக்கடையில் நிற்க இடம் இருக்காது. அன்றைக்கு உம் பஸ்யூனி கடையைவிட்டு நகரமாட்டாள். அவளுக்குப் பதில் மகன் பஸ்யூனி வந்தான். கூச்ச சுபாவம், கதவருகிலேயே நின்று அப்பாவைப் பார்த்து ஒரு சலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டான். மற்ற நாளெல்லாம் மூன்றிலிருந்து நாலு மணிவரை உம் பஸ்யூனி. அந்த ஒரு மணி நேரம், குடும்பத்தார் தனியாக இருக்கட்டும் என்று இன்ஸாஃபே அஸர் தொழுகைக்கும் தேநீருக்கும் வெளியே போய்விடுவாள்.

தேநீர் ஆறிப்போனது. அவளுக்கு அது பிடிக்கவில்லை, தேநீர் ஆறியதும் சரி, தன் தலையில் ஓடுவதும் சரி.

சனிக்கிழமை மூன்று மணிக்கு உம் பஸ்யூனி உள்ளே வந்ததும், "நான் தொழுதுட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் காலிக் கட்டிலின் திரைக்குப் பின்னால் போய் நின்றாள். இத்தனை வயதில் ஒளிந்து நிற்பது வெட்கமாகத்தான் இருந்தது. திரைத்துணியின் ஓட்டைக்கு நேராக ஒரு கண்ணை வைத்துக்கொண்டாள்.

உம் பஸ்யூனி முதலில் கணவனின் கால்மாட்டில் போர்வையைச் சரிசெய்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். குனிந்து கட்டிலின் அடியில் இருந்த கைப்பிடியைப் பிடித்துச் சுற்றத் தொடங்கினாள். கடலை வறுக்கும் உருளையை நாற்பது வருஷம் சுற்றிய கை அது. கிறீச்சென்ற சத்தம்கூட வரவில்லை. தலைப்பக்கம் மெல்லத் தாழ்ந்து தாழ்ந்து, ஹஜ் துல்பா தட்டையாகப் படுத்துவிட்டார். அவள் தலைமாட்டுக்குப் போய் அவர் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்தாள்.

"உங்க தங்கச்சி வந்தா. ரெண்டு வாத்து சாப்பிட்டா, நாலு ரொட்டி சாப்பிட்டா, அப்புறம் அண்ணனை நினைச்சா தொண்டையில சோறு இறங்கலைன்னு அழுதா. பஸ்யூனி ஒரு மூட்டை கடலையைத் தீய விட்டுட்டான், உங்க பிள்ளையாச்சே. எதிர்க்கடைக்காரன் உங்களைப் பத்தி விசாரிச்சான், நல்ல மனசோட இல்ல, கடையை மூடிடுவோமான்னு பார்க்கறான். நான் விட மாட்டேன். நீங்க பயப்படாதீங்க. பயப்படாதீங்க, நான் இருக்கேன்."

ரயில் நிலையம்வரை கேட்கிற குரலா இது என்று இன்ஸாஃபுக்கு ஆச்சரியமாக இருந்தது. மூன்றடி தள்ளி நின்றும் காதைத் தீட்டித்தான் கேட்க வேண்டியிருந்தது. தலைப்பக்கம் உயர்ந்திருந்தால் இந்தக் குள்ளமான பெண்ணுக்கு அவர் காது எட்டாது. சத்தமாகச் சொன்னால் வார்டு முழுக்கக் கேட்கும். அதற்குத்தான் இந்தக் கைப்பிடி. போகும்போது அடுத்தவர் பொருளை எடுத்த இடத்தில் வைப்பதுபோல மறுபடி பழைய உயரத்துக்கே சுற்றி வைத்துவிடுவாள். பென்சில் கோட்டை அவள் பார்த்ததே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் அதற்கு நேராகவே நிறுத்தியிருக்கிறாள்.

இன்ஸாஃப் திரையை விலக்கினாள். ஒரே எட்டில் கட்டிலுக்கு வந்து, கைப்பிடியைச் சுற்றித் தலைப்பக்கத்தை உயர்த்தினாள். உறிஞ்சு குழாயை எடுத்து ஹஜ் துல்பாவின் நெஞ்சுக்குள் விட்டாள். பாட்டிலில் நீலம் விழுந்தது. உம் பஸ்யூனி அதைப் பார்த்தாள்.

அந்த நேரத்தில் இன்ஸாஃபுக்குக் கோபம்தான் வந்தது. அதை மறைத்து எழுதுவதற்கில்லை. "வயித்துல இருக்கறது வாய்க்கு வராம இருக்கத்தான் உயர்த்தி வெச்சிருக்கோம். படுக்க வெச்சா நேரா நெஞ்சுக்குள்ள போகுது. மூணு காய்ச்சலும் இதனாலதான் வந்தது" என்று கடகடவென்று சொல்லிவிட்டாள். சொல்லி முடித்த பிறகுதான் எதிரே நின்றவளின் முகத்தைப் பார்த்தாள்.  உம் பஸ்யூனி தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போனாள்.

அன்று சாயங்காலம் டாக்டர் நாதிர் தாளும் கையுமாக வந்தார். "ஹகீமா, கட்டில்தான் இறங்குது. வேற வழியே இல்ல. யாரோ இறக்கறாங்க. குடும்பத்து ஆளுன்னா இயக்குநர் பார்வையாளர் நேரத்தையே நிறுத்திடுவார். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியும். நான்தான்."

"நீங்களா?"

"எனக்கு முதுகு வலிக்குதுன்னு மூணு மணிக்குப் படுக்கையை இறக்கிட்டுத்தான் அவருக்கு விரிப்பு மாத்துறேன். உடனே உயர்த்த மறந்துட்டேன். எழுதிக்கோங்க."

 மூன்று மணிக்கு அவள் எங்கே இருப்பாள் என்பது டாக்டர் நாதிருக்கு நன்றாகவே தெரியும். இருபத்தாறு வருஷத்தில் ஒரு கரும்புள்ளிகூட இல்லாத ஃபைல் அவளுடையது. வருஷத்துக்கொரு முறை அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொள்வாள் என்பதும் தெரியும். "கண்டனக் கடிதம் வரும், ஹகீமா" என்றார்.

"வரட்டும். என் பேர்ல எழுத்துப்பிழை இல்லாம வரட்டும்."

கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கழிவறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதாள். வெளியே வந்து, தரை ஏன் ஈரமாக இருக்கிறது என்று துப்புரவு ஆளிடம் சண்டை பிடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு வெள்ளை. திங்கட்கிழமை ஐந்து மணிக்கும் வெள்ளை. ஆனால் மூன்று மணிக்கு யாரும் வரவில்லை. மகன்கூட வரவில்லை. இன்ஸாஃப் மூன்றிலிருந்து நாலுவரை வார்டிலேயே இருந்தாள். ஹஜ் துல்பா மூடிய இமையோடு கிடந்தார். நாடி மட்டும் இரண்டு நாளும் அந்த ஒரு மணி நேரம் வேகமாக ஓடியது. அவள் அதைத் தாளில் குறித்தாள். காரணம் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் வெள்ளை உடுப்போடு, தலையில் துணியோடு, பள்ளிவாசல் பின்தெருவுக்கு நடந்தே போனாள். உம் பஸ்யூனி உருளையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கூவவே இல்லை.

"ஏன் வரல?"

"எதுக்கு வரணும்? அவரைக் கொன்னு முடிக்கவா?" உருளை நிற்கவில்லை. "நாப்பது வருஷமா வாயை மூடு, வாயை மூடுன்னு சொல்லிட்டே இருப்பாரு. மூடியிருக்கணும். என் வாய்தான் அவரைக் கொல்லப் பார்த்திருக்கு, ஹகீமா."

"உன் வாய் இல்ல. உன் உயரம்."

உருளை நின்றது. உம் பஸ்யூனி நிமிர்ந்து பார்த்தாள். கடலை கருகும் வாசனை வந்தது. இருவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"என்ன சொன்ன?"

"நீ குள்ளமா இருக்கேன்னு சொன்னேன். அதுக்கு மருந்து இருக்கு. அந்த சோடாப் பெட்டியை எடு. காலிப் பெட்டி, மரப்பெட்டி. ஆமா, அதான். தூக்கிட்டு வா. நான் தூக்க மாட்டேன், எனக்கு நிஜமாவே முதுகு வலிக்குது."

"மறுபடி ஏதாவது ஆயிட்டா?"

"ஆகாது. நான் பக்கத்துல நிக்கறேன். அவர் காது நல்லாருக்கு. இந்த ரெண்டு நாளா அது சும்மா கிடக்கு. எனக்குப் பார்க்கச் சகிக்கல, உம் பஸ்யூனி. எழுந்திரு."

தந்தாவின் அரசு மருத்துவமனை ஒன்றின் ஐ.சி.யூ.வுக்குள் சோடாப் பெட்டி நுழைந்தது அன்றைக்குத்தான். இன்ஸாஃப் அதை மருந்து தெளித்துத் துடைத்துக் கட்டில் ஓரத்தில் போட்டாள். உம் பஸ்யூனி ஏறி நின்றாள்.  கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றாள், எதையும் தொட்டுவிடக்கூடாது என்பதுபோல. பிறகு குனிந்தாள். அவள் என்ன சொன்னாள் என்று இன்ஸாஃபுக்குக் கேட்கவில்லை. ஐந்து மணிக்கு வெள்ளை.

அடுத்த வாரம் நீலத்தை நிறுத்தினார்கள். நாலாவது காய்ச்சல் வரவில்லை. முதலில் ஹஜ் துல்பாவின் இமை அசைந்தது, பிறகு தோள், பிறகு விரல். முப்பத்தோராம் நாள் காலையில் டாக்டர் நாதிர் மூச்சுக்குழாயை வெளியே எடுத்தார். ஹஜ் துல்பா இருமி, எச்சிலை விழுங்கி, ஒரு மணி நேரம் தன் மூச்சைத் தானே விட்டுப் பழகினார். மூன்று மணிக்கு உம் பஸ்யூனி வந்தாள். பெட்டிமேல் ஏறினாள். அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது.

"ஒரு ஞாயிறு... ஒரு திங்கள்... எங்க போயிருந்த?"

 இன்ஸாஃப் அவசரமாக, "நான்தான் ஹஜ், வார்டுல ஆளை விட வேணாம்னு..." என்று ஆரம்பித்தாள்.

"உன்னைக் கேக்கல" என்றார் ஹஜ் துல்பா.

உம் பஸ்யூனி எல்லாவற்றையும் சொன்னாள். கைப்பிடியைச் சொன்னாள், நீலத்தைச் சொன்னாள், மூன்று காய்ச்சலையும் சொன்னாள். சொல்லும்போது குரல் உடைந்து உயர்ந்துகொண்டே போனது. வார்டு முழுக்க, ஏன், தெருவரைக்கும் கேட்டிருக்கும். "என்னால உங்க உயிர் போயிருக்கும்" என்று முடித்தாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சு ஏறி இறங்கியது, மெஷின் இல்லாமல். இன்ஸாஃப் பயந்து நாடியைப் பிடித்தாள்.

"காய்ச்சல் மூணும் தாங்கிட்டேன்" என்றார், ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கி. "அந்த ரெண்டு நாள்... நீ செத்துட்டேன்னு நினைச்சேன்."